ஏலம் போன ஜன்னல்

ஜெயதாஸுக்கு வெட்கம் கொஞ்சம் கூடுதல். கல்யாணப் பந்தியில் பப்படம் தன் இலையைத் தாண்டிப் போனால் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். பப்படம் இல்லாமலே சாப்பிட்டு எழுந்து, சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அவரும் நானும் வருஷக்கணக்காக ஒரே பாசஞ்சர் வண்டியில் வேலைக்குப் போய் வருகிறோம். அவருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை, எனக்கு அச்சகத்தில். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே தேவாலயச் சபை. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, கோபப்படவும் உண்டு.

சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கினால் இரண்டு பேரும் சுந்தரதாஸின் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வருவோம். சுந்தரதாஸும் எங்கள் சபைதான். இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கியிருக்கும். கண்ணாடி வழியாக அந்தக் கண்ணால் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டுவார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி நான் தினமும் சத்தம் போடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஜங்ஷனில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டினார்கள். பல மாதம் அதன் கீழே நாங்கள் போய் வந்தோம். பிறகு ஒரு நாள் அதை அவிழ்த்துவிட்டார்கள், எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் மனைவி அம்மிணி அக்கா தலை நிமிர்ந்து நடக்கிறவர். புருஷன் போன பிறகு முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கும் வேலை. கொல்லயில் ஊரின் சபை ரோட்டைப் பார்த்த அவர் வீட்டின் முன்பக்கம் எப்போதும் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கும். உள்ளே என்ன கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் விட மாட்டார். விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்குச் சபையிலேயே கொழுத்த சேவல் அவர் வீட்டிலிருந்துதான் வரும். அவள் இனி கையேந்துவாள் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் சிலர் அந்தச் சேவலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு இருந்த சொத்து அந்த மானம் ஒன்றுதான்.

ஜெயதாஸின் கேமரா கதைக்கு வருகிறேன். வளைகுடாவில் இருக்கும் மைத்துனன் புதிது வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்தான். முதலில் ஆட்களைப் படம் பிடிக்கப் பார்த்தார். எதற்கு என்று யாராவது கேட்டால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். அப்படித்தான் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். ஜன்னல் ஒன்றும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸ்கூட்டரை எடுத்தால் திருப்புறம், கோட்டுகால் என்று சுற்றிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். மரக்கம்பி வைத்த ஜன்னல், பச்சைச் சாயம் உரிந்த ஜன்னல், பலகை அடுக்கிப் பூட்டிய பழைய கடை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் காயும் மரச்சீனிக் கிழங்கு. நன்றாகவே எடுப்பார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பால்காரனிடம் பாக்கிப் பால் கேட்க வெட்கப்படுகிற மனிதருக்கு அடுத்தவன் ஜன்னலை உற்றுப் பார்க்க மட்டும் வெட்கமில்லை என்று அவர் மனைவி விமலகுமாரி என் வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சமயம் எங்கள் பக்கம் புது ரோடு வருகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. எந்தத் தோட்டப் பறம்பு போகும், எந்த வீடு போகும் என்று யாருக்கும் தெரியாது. கேமராவோடு ஒருவர் வந்து வீட்டை ஏற இறங்கப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? திருப்புறத்தில் ஒரு பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, "சாறே, எங்க வீட்ட மட்டும் ஒண்ணு ஒதுக்கி விடணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். நான் ரோடு அளக்கிற ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாமா? பொழுதுபோக்குக்கு ஜன்னல் பிடிக்கிறேன் என்று சொல்ல இவருக்கு வெட்கம். இளநீரைக் குடித்துவிட்டு, பார்க்கலாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ரயிலில் இதைச் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கொல்லயிலில் சானல்கரை வழியாகப் போனபோதுதான் அந்த ஜன்னல் கண்ணில் பட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டின் பின்சுவர். காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஜன்னலில் மரக்கம்பிகள் இருந்தன, கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு பழைய பிளக்ஸ் துண்டைக் கட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்து நீலமாகிப்போன பாதி முகம். ஏதோ தேர்தல் பிளக்ஸ் என்று இவர் நினைத்தார். வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருந்து, அது போதாமல் இன்னும் சில நாள் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலும் வந்து நின்று எடுத்தார். முன்பக்கம் எந்த ரோட்டில் இருக்கிறது, யார் வீடு என்று சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது எதற்கு என்று கேட்பார்களே.

அந்தப் படம் முகநூலில் ஒரு குழுவில் ஏகப்பட்ட பாராட்டு வாங்கியது. யார் யாரோ ஏக்கமாக எழுதினார்கள். ஜெயதாஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ரயிலில் தானாகவே போனை நீட்டி எங்களிடம் காட்டினார். அந்தச் சின்னத் திரையில் எங்களுக்கு மரக்கம்பியும் நீலமும்தான் தெரிந்தன. இதைப் பெரிதாகச் சட்டம் போட்டு அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடும் ஓய் என்று கூட்டமாகச் சேர்ந்து ஏற்றிவிட்டோம். அவரும் தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, ஒரு ஜன்னல் கதவு அளவுக்கே செய்து கொண்டு வந்துவிட்டார். படத்துக்குக் கீழே தலைப்பு அச்சடித்திருந்தார்: ஆளொழிந்த வீடு.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் தொடங்கியது. எங்கள் ஏலத்தில் விலைக்கு மேல் கேட்பதுதான் மரியாதை. ஒருவர் கேட்டதற்கு மேல் இன்னொருவர் கேட்டால் அதில் பகை இல்லை, சபைக்கு வருமானம் என்று கை தட்டுவார்கள். வாழைக்குலை போனது, பலாச்சக்கை போனது, அம்மிணி அக்காவின் சேவல் நல்ல விலைக்குப் போனது. பெண்கள் பக்கத்து முன்வரிசையில் அக்கா கஞ்சி போட்ட சேலையில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு, ஏலம் சொல்லும் நேசமணி படத்தைத் தூக்கிப் பிடித்துத் தலைப்பை மைக்கில் வாசித்தார்.

"ஆளொழிஞ்ச வீடுன்னு சொல்லுகாரு. ஆனா பாருங்க, உள்ள இருந்து ஒருத்தன் எட்டிப் பாக்கியான். வாங்கியவரு வீட்டுக்குக் காவலும் ஆச்சு."

முற்றமே சிரித்தது. ஜெயதாஸ் என் பக்கத்தில் காது சிவக்கச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து அடங்கிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு ஷிஜுவின் குரல் மட்டும் கேட்டது. "அது நம்ம சுந்தரதாஸ் அண்ணனாக்கும்."

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. தொங்கிய இடது கண்ணிமை, காக்கிச் சட்டையின் காலர். தினமும் ஆட்டோக் கண்ணாடியில் எங்களைப் பார்த்த அதே கண். அந்த முகத்தைக் கேமரா வழியாக நாள்கணக்கில் பார்த்திருக்கிறார் இந்த மனிதர், நீல நிறம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். செத்த புருஷனின் அஞ்சலி பிளக்ஸைக் கட்டி மழையை மறைக்கிறாள் அம்மிணி என்று சபை முழுவதுக்கும் ஒரே நொடியில் தெரிந்துபோனது. யாரும் அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

நேசமணி படத்தை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அம்மிணி அக்கா உட்கார்ந்தபடியே, குரல் நடுங்காமல் ஒரு தொகையைச் சொன்னார். அது அவர் சேவல் போன விலையைவிட அதிகம். அந்தப் படம் இன்னொருவர் வீட்டு ஹாலில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெயதாஸ் எழுந்துவிட்டார். தானே வாங்கி, பிறகு சத்தமில்லாமல் அக்கா கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பப்படம் கேட்க வாய் வராத மனிதர் முற்றம் அதிர மேலே ஒரு தொகை கேட்டார். அவர் உதவி செய்கிறார் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? படத்தைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெருமையாக மாட்டப் பார்க்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். அக்கா திரும்பிப் பார்க்காமல் அதற்கு மேல் சொன்னார். இவர் இன்னும் மேலே போனார். பின்னால் இருந்த விவரம் கெட்ட சிலர் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். அக்கா மறுபடி ஏற்றினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஓய், நீரு கேக்கக் கேக்க அவங்களுக்குத்தான் ஏறுது. இரியும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நேசமணி அவசரமாகச் சொல்லி முடித்தார். அக்கா எழுந்து வந்து, அவ்வளவு பெரிய சட்டத்தை யார் கையிலும் கொடுக்காமல் படம் தன் பக்கம் இருக்கும்படி அணைத்துப் பிடித்துக்கொண்டு, சபை ரோட்டில் தனியாக நடந்து போனார். ஜெயதாஸ் தலையைக் குனிந்தவர்தான், அந்த வாரம் முழுக்க நிமிரவில்லை. முகநூலிலிருந்து படத்தை எடுத்துவிட்டதாக விமலகுமாரிதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றார். வெள்ளையடித்த அந்த முன்வாசலில் நின்று நான்தான் கதவைத் தட்டினேன். அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டன்சாயா வந்தது. ஜெயதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, ஏலப் பணத்தைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். சபையில் ஏலம் விளித்தது நான், கட்டப்போவதும் நான் என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பிறகு எங்களைப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே இருந்து பார்த்தால் பிளக்ஸ் வெறும் வெள்ளையாக இருந்தது. அதன் கீழே ஓரம் கிழிந்த இடத்தில் சானல்கரை அப்படியே தெரிந்தது. இவர் ஸ்கூட்டரை நிறுத்திய இடம், கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற கல் எல்லாம் தெரிந்தது.

"நீ அங்க நின்னத நான் கண்டேன் தம்பி. வெயிலு கண்ணுல அடிச்சதுனால ஆளு ஆருன்னு தெரியல்ல. ரோட்டுக்கு அளக்கியவங்கன்னு நினைச்சேன். ஆளு இருக்குன்னு கண்டா உள்ள வந்து வீட்ட எழுதிக்கிடுவாங்கன்னு, நீ போறது வரைக்கும் அசையாம அனங்காம இந்தக் கட்டில்ல இருந்தேன். ஒரு நாளு வேலைக்குப் பிந்தியும் போச்சு."

எனக்கு அந்த இளநீர்க் கதையும் ரயிலில் நாங்கள் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது.

"கதவ ஒண்ணு முட்டியிருக்கலாமே மக்கா. நீன்னு தெரிஞ்சா நான் இத அவுத்து மாத்தியிட்டு, கம்பியையும் துடைச்சுத் தந்திருப்பேனே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஜெயதாஸ் அழுதுவிட்டார். ஐம்பது வயது ஆள், சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். நான் என்ன செய்ய வேண்டும் அக்கா என்று கேட்டார். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்தார். பிளேடும் சுத்தியலும் ஆணியும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

"கீழ எழுதியிருக்கியத முதல்ல வெட்டி எடு. பிறகு இத இந்த ஜன்னல்ல அடி, கண்ணாடி வெளிய இருக்கியது போல. ஐப்பசித் துலாமழை இந்தப் பக்கந்தான் அடிக்கும். அவரு ரெண்டு மழைக்கு நனைஞ்சாச்சு. இனி கண்ணாடிக்குப் பின்னால இருக்கட்டும்."

ஜெயதாஸ் சட்டத்தைப் பிரித்து, ஆளொழிந்த வீடு என்ற எழுத்துகளைப் பிளேடால் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி கண்ணாடியைப் பொருத்தினார். அக்கா பிளக்ஸை அவிழ்த்து, தூசி தட்டிச் சுருட்டி அலமாரிமேல் வைத்தார். நான் பிடித்துக்கொள்ள இவர் ஆணி அடித்தார். இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டார், சத்தம் காட்டவில்லை.

வெளியே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் அக்கா. பாலம் சுற்றி சானல்கரைக்கு வந்தோம். இவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், தலை மட்டும் நிமிரவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக அக்காவின் குரல் வந்தது. "தம்பி, நேரா இருக்கா?"

நேராக இருக்கிறது என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்காது.

"நோக்கிச் சொல்லு."

அப்போது நிமிர்ந்தார். மரக்கம்பிகளுக்குப் பின்னால் கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே சுந்தரதாஸ் அந்தக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெயதாஸ், ஏலத்தில் கேட்டதைவிட உரத்த குரலில் சொன்னார்.

"சரிஞ்சிருக்கு அக்கா. நான் வாறேன், கதவத் திறங்க."