சூசன்னாவும் சண்முகசுந்தரியும்

1936-இல் குற்றாலத்துச் சாரல் ஆனி பிறந்ததுமே பிடித்துக்கொண்டது. தூத்துக்குடி மோட்சம் டீச்சர் அந்த வருஷமும் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். அவருக்குச் சமைத்தவள் சண்முகசுந்தரி, இலஞ்சி வண்டிக்காரர் செல்லப்பாவின் மனைவி.

மழை விடாத ஒரு மத்தியானம் டீச்சர் ஒரு படப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். குளிக்க உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கல்சுவருக்கு மேலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் குனிந்து குசுகுசுக்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கையாலும் தடுக்கிறாள்.

"இவ சூசன்னா. எங்க வேதத்துல வாரவ. இணங்கலைன்னா வேற ஒருத்தன்கூட இருந்தேன்னு சொல்லிருவோம்னு மிரட்டுதாங்க. இவ மசியல. பழி போட்டுட்டாங்க. தானியேல்னு ஒரு வாலிபன் ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிச்சான். எந்த மரத்தடியில பார்த்தீங்கன்னு கேட்டதுக்கு, ஆளுக்கு ஒரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கிட்டாங்க."

"வரைஞ்சது பொம்பளையா டீச்சர்?"

"எப்படிட்டி கண்டுபிடிச்சே? முந்நூறு வருஷத்துக்கு முந்தி, ரோமாபுரியில, பதினேழு வயசுப் பொண்ணு."

"மூஞ்சியைப் பாருங்க. வெக்கம் இல்ல, குமட்டல். பட்டவளுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். முந்தின வாரம் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தவளைத் தோப்புக்கார நயினாரும் அவருடைய சிநேகிதர் சிவனணைந்தபெருமாளும் இதேபோல மிரட்டியிருந்தார்கள். அவள் சத்தம் போட்டு ஓடிவந்துவிட்டாள். மறுநாளே ஊருக்குள் கதை கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம்.

"நான் வந்து பேசட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். நானே கேக்கேன்."

கூட்டத்தில் இருவரும் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார்கள். சண்முகசுந்தரி எழுந்து நின்றாள்.

"நாட்டாமை அண்ணாச்சி, ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சுக் கேளுங்க. எங்கூட இருந்தவன் எந்தப் பக்கம் ஓடினான்?"

சிவனணைந்தபெருமாளைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள்.

"மலைமேல ஏறிட்டான்" என்றார் நயினார்.

பிறகு வந்தவர், "தென்காசி ரோட்டுல விழுந்து ஓடினான்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. நாட்டாமை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் அவள் முன்னால் நிறுத்தி, சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல வைத்தார்.

ஐந்து நாளாக அவளோடு பேசாதிருந்த செல்லப்பா வீட்டு வாசலில் தயங்கி நின்றார்.

"உங்கிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றாள் சண்முகசுந்தரி.

அதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பானையிலிருந்த பழையதைப் பிழிந்து வைத்து, இரண்டு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாள் விடிந்ததும் ஓடைக்குப் போய், அவசரமில்லாமல் தலை முழுகிவிட்டு வந்தாள்.