மீன் கண்ணுக்கு ஆகும் காற்று

புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஆறு திலாப்பியா மீன் குளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் மகேந்திரன். நான் அவரோடு தீனி போடுகிறவன். தண்ணீரில் காற்று குறைந்தால் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். உடனே காற்றுச் சக்கரத்தை முடுக்கிவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாக மனிதர் செய்துவருவது இதைத்தான். சக்கரம் ஒரு நிமிடம் நின்றாலும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

"காத்துதான் உசிரு. மத்ததெல்லாம் அப்புறம் லா" என்பார்.

மனைவி புஷ்பவள்ளி இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே மகள் சுபாஷிணிக்கு வயது இருபத்தொன்று. கைக்குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறாள். தினமும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் அவர் குளத்துக்கு வருவார்.

போன மாதம் சில மீன்களுக்குக் கண் பிதுங்கியது. ரஹாங்கிலிருந்து மீன் மருத்துவர் நிலானி வந்தார். செத்த மீன் ஒன்றின் கண்ணைத் தோண்டி எடுத்து, பின்பக்கம் லாடம்போல் வளைந்திருந்த சிவப்புச் சதையைக் காட்டினார்.

"இது முழுக்க மெல்லிசான ரத்தக் குழாய், அங்கிள். மீனோட விழித்திரைக்குள்ள குழாயே கிடையாது. இதுதான் பின்னாலருந்து, ரத்தத்துல உள்ள ஆக்சிஜனைப் பிரிச்சு நெருக்கிக் கண்ணுக்குள்ள தள்ளுது. சாதாரணமா ரத்தத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு."

மகேந்திரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? கண்ணுக்கும் காத்துதான்!" என்று என் முதுகில் தட்டினார்.

"மீனுக்குச் சரி அங்கிள். குறைமாசப் பிள்ளைக்கு அது ஆகாது. கண்ணுல குழாய் வளர்ந்து முடிஞ்சிருக்காது. அந்த நேரத்துல ஆக்சிஜன் கூடிப்போனா வளர்ச்சி நின்னுடும். அப்புறம் தாறுமாறா வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்ச்சிடும்."

அவர் மகளைப் பற்றி நிலானிக்கு எதுவும் தெரியாது. மகேந்திரன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

சுபாஷிணி ஆறரை மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளைக்கு நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போன சமயம், குளத்துப் பழக்கத்தில், ஆக்சிஜன் குமிழை இவரே திருகிக் கூட்டிவிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். மிஸ்ஸி ஓடிவந்து குறைத்துவிட்டு, வெளியே போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார். வெட்கத்தில் இவர் வீட்டில் வாயே திறக்கவில்லை.

"அஞ்சு நிமிஷத்துல இப்படி ஆகாது, அங்கிள். அவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கோளாறு எப்படியும் வந்திருக்கலாம்" என்றார் நிலானி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"வராமலும் இருந்திருக்கலாம்ல, டாக்டர்?"

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வாய் கூசாமல் சொல்லிவிடலாம். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது எவன் அளவு பார்ப்பான்? அந்தப் பழமொழி மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றார். சொன்னால் அவள் தன்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை, துணைக்கு என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

சுபாஷிணி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு நிக்கக்கூடாதுன்னுதானேப்பா பண்ணீங்க. அதுக்கு நான் கோவப்பட மாட்டேன் லா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் கையை விடாமலே கேட்டாள்.

"மாசமா இருக்கும்போது தண்ணி வாளி தூக்கினதாலதான் என் கண்ணு போச்சுன்னு அம்மா சாகிற வரைக்கும் அழுதாங்க. அவங்ககிட்ட ஒரு தடவையாச்சும் இதைச் சொன்னீங்களாப்பா?"

மகேந்திரன் இல்லையென்று தலையை ஆட்டினார். அவளுக்கு அது தெரியவில்லை. மறுபடியும் கேட்டாள்.