ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு குரல்

என் வீட்டுக்காரரின் குரல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் இவளுக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள். அவர் தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு அழுவதற்குக்கூட நேரம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு கிடைத்த நாட்களில் அவரைப் படுக்கையறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக்கை நீட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். இன்று அவர் மடியில் ஒரு டேப்லெட் இருக்கிறது. அதில் ஒரு பொத்தானைத் தொட்டால், அந்தப் பெட்டியிலிருந்து அவர் குரல் கிளம்பி ஹால் ஸ்பீக்கரில் பேசும்.

மனிதர் சாதாரணமாகவே சத்தமாகத்தான் பேசுவார். சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் இத்தனை வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிக் கத்திப் பேசிய தொண்டை. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, மாத்திரை கொடு என்று தேவையானதையெல்லாம் பேசச் சொன்னால், அதையெல்லாம் வேண்டாவெறுப்பாக முனகிவிட்டு, மீன்காரம்மாவிடம் பேரம் பேசுவதை மட்டும் உயிரைக் கொடுத்துப் பேசினார். போன வாரம் இதைவிடப் பெருசு குடுத்தியே என்று. பிரான்ஸில் இருக்கும் அவர் அக்கா போன் பண்ணினால் சொல்வதற்கு, அலோ, சவா என்று பிரெஞ்சில் நலம் விசாரிப்பதும் உண்டு. எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் வஞ்சிரமும் சங்கராவும் கொண்டுவரும் அந்தம்மா, இப்போதும் வாசலில் நின்று ஸ்பீக்கரோடு சண்டை போடுவாள். அவருக்கு விலை குறைப்பாள், எனக்குக் குறைக்கமாட்டாள்.

எனக்கு லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தோடு பழகிய கை சும்மா இருக்காது. வீட்டுப் பெட்டியிலும் அதையே போட்டு, டிஸ்குக்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தேன். பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் பாஸ்வேர்டு கேட்கும். சரியாகச் சொன்னால்தான் உள்ளே இருப்பதைக் காட்டும். பாஸ்வேர்டு என்னவென்றால், அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர். என்ன பெயர் என்று கேட்காதீர்கள், செத்தாலும் சொல்லமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சிஸ்டத்தை முழுக்கப் புதிதாகக் கட்டினேன். யூனிக்ஸில் இப்படி ஒரு வசதி உண்டு. கடையில் வாங்கிய இட்லி மாவு வேண்டாமென்று நாமே அரிசி ஊறவைத்து ஆட்டுவதுபோல, மூல நிரலிலிருந்து மொத்தத்தையும் நாமே கட்டிக்கொள்ளலாம். எந்தெந்தச் சாமான் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு குறிப்பு ஃபைல் இருக்கும். என் பழைய குறிப்பில் ஆயிரம் ஒட்டு. சுத்தமாக இருக்கட்டும் என்று அதைத் தூக்கிவிட்டுப் புதுக் குறிப்பை வைத்தேன். பெட்டி ராத்திரியெல்லாம் உறுமிக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையில் வேலை முடிந்திருந்தது. காபி குடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். தவறு என்றது. காபி குடித்த கை வழுக்கியிருக்கும் என்று நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு. அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட விழாது. குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டியதுதான். மறுபடி, மறுபடி அடித்தேன். பெட்டி கையை விரித்துவிட்டது.

பாஸ்வேர்டு சரி என்றால் பூட்டுதான் கெட்டிருக்க வேண்டும். புதிதாகக் கட்டியதில் டிஸ்கின் பூட்டு இருக்கும் இடத்தில் ஏதாவது எழுதித் தொலைத்திருந்தால், அப்புறம் ஆண்டவனாலும் திறக்க முடியாது. இன்னொரு நகல் இருந்தது, ஆனால் அதுவும் அதே பெட்டியில் இருக்கும் இரண்டாவது டிஸ்கில், அதே பூட்டுக்குள் இருந்தது. காலேஜில் பிள்ளைகளுக்கு, நகலை வேறு வீட்டில் வையுங்கள் என்று வாய் கிழியச் சொல்கிறவள் நான். போனது போனதுதான் என்றால் மறுபடி பதிவு செய்ய அவரிடம் குரல் இல்லை.

அவர் ஹாலிலிருந்து எழுந்து வந்தார். டேப்லெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஸ்பீக்கர் பேசவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பூட்டு கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் தோளில் கைவைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டிக் கீபோர்டைத் தட்டினார். அதில் தூசி இருக்கிறது என்கிறாராக்கும் என்று நினைத்தேன். அந்தக் கீபோர்டு அவர் அக்கா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தது, அவருக்கு உசுரு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த விரலுக்கு வேறு கீபோர்டு ஒத்துவராதாம். மறுபடி தட்டினார். "கொஞ்சம் கைய எடுங்க" என்றேன். போனில் ஏதோ எழுதி என் மூக்குக்கு நேராக நீட்டினார். நான் பார்க்காமலே போனைத் தள்ளினேன்.

"ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டீங்களா?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உடம்பு கூசிவிட்டது. சும்மா இருப்பதைத் தவிர அந்த மனுஷனால் வேறு என்ன முடியும் அன்றைக்கு? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வந்தால் அவர் பதிலுக்குக் கத்துவார், தெரு முழுக்கக் கேட்கும், அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், வெறுங்கையோடு போக மனசு வரவில்லை.

சிஸ்டம் படுத்துவிட்டால் எழுப்புவதற்கென்று லேபில் ஒரு பென் டிரைவ் வைத்திருப்பேன். அதே மாதிரி வீட்டிலும் ஒன்று உண்டு. அதைச் சொருகி, பெட்டியை அதிலிருந்து எழுப்பினேன். பூட்டு உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துவிடலாம் என்பது கணக்கு. இங்கே நான் அடிக்கும் கட்டளை திரையில் தெரியும். முதல் எழுத்து எம். அடித்தேன். திரையில் அரைப்புள்ளி விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எம் அடித்தேன். மறுபடி அரைப்புள்ளி. ஏ அடித்துப் பார்த்தேன். க்யூ வந்தது.

அடக் கடவுளே.

பிரெஞ்சுக் கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஊரிலெல்லாம் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். எம் வேறு வரிசைக்குக் குடிபோயிருக்கும். இது பிரெஞ்சுக் கீபோர்டு என்று யாராவது சொல்லாவிட்டால் பெட்டிக்குத் தெரியாது, சாதாரணக் கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். அதைச் சொல்லும் ஒரு வரி என் பழைய குறிப்பு ஃபைலில் இருந்தது. முதன்முதலாகப் பெட்டியை நிறுவியபோது இதே கதை நடந்து, அவரும் நானும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நான்தான் அந்த வரியைச் சேர்த்தேன். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதைத் தூக்கிப் போட்டதும் நான்தான். பூட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. காலையிலிருந்து நான் அடித்ததெல்லாம் வேறு எழுத்துகள்.

மேஜைமேல் அவர் போன் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கீபோர்டைப் பாரும்மா, பெட்டி பழையபடி இங்கிலீஷ் கீபோர்டுன்னு நெனச்சுக்கிச்சு என்று எழுதியிருந்தார். நான் அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எனக்குத் தெரியாது. வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

அவர் வந்து நிற்கும்போது நான் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மறுபடி எழுப்பியிருந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கீபோர்டில் அச்சடித்திருப்பதைப் பார்க்காமல், லேபில் இருக்கும் சாதாரணக் கீபோர்டில் என் கை தினமும் போகும் இடங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கடைசி விசையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் லேசாகத் தட்டினார். கண்ணைத் திறந்தால் திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. பூட்டு திறந்துவிட்டது.

ஹாலுக்குப் போனோம். டேப்லெட்டை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "எதுனா பேசுங்க" என்றேன். தண்ணி குடு என்றாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பொத்தான்களை மேலே தள்ளிக்கொண்டே போனார், நான் வைத்த பொத்தான்களெல்லாம் தீர்ந்து, அதற்கும் கீழே போனார். அங்கே நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. நான் வேலைக்குப் போயிருந்தபோது தானாகவே மைக்கை வைத்துப் பேசி ஒளித்துவைத்திருக்கிறார். தொட்டார். ஃபேக்டரித் தொண்டை, வீடே அதிர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன். எங்க கேக்குற நீ?"

இனிமேல் பேசவே முடியாது என்று தெரிந்த நாட்களில், வலியோடு, எதையெதையோ பேசி வைத்திருக்கலாம். என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டிய மனுஷன், பின்னால் இது கண்டிப்பாகத் தேவைப்படும் என்று பார்த்துப் பேசி வைத்திருக்கிறார். அவர் தோள் குலுங்கியது. இப்போது அவர் சிரிப்பதற்குச் சத்தம் கிடையாது, தோள்தான் குலுங்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சுத் திணறியது.

"தப்புதாங்க, கேக்கல" என்றேன். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னார்.