நாற்காலியில் இறங்கிவரும் வால்தெலிசி

சல்வதோர் நகரில் எங்கள் குன்றுக்குத் தெரு கிடையாது, படிகள்தான். உச்சிப்படியில் வால்தெலிசியின் வீடு. அடிப்படியில் அவளுடைய அகராஜே கடை. காராமணி வடையைச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் அந்தக் கடையை இப்போது தம்பி மனைவி நடத்துகிறாள். எண்ணெய் சரியாகக் காயவில்லை என்பது மேலே வரும் வாசனையிலேயே வால்தெலிசிக்குத் தெரிந்துவிடும். இறங்கிப் போய்ச் சொல்லத்தான் முடியாது.

சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் அவள் இதயத்தின் மைட்ரல் வால்வைக் குறுக்கிவிட்டுப் போயிருந்தன. பலூன் விட்டு விரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் வால்வின் இருபுறத்து அழுத்த வித்தியாசம் குறைவாகவே வந்தது. குறைவென்றால் அவசரமில்லை. மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர்கள் கேட்டால் இல்லை என்பாள். பொய்யில்லை; நாற்காலியை விட்டு எழுந்தால்தானே வாங்கும்.

ஆஸ்பத்திரிக்கும் அதே நாற்காலிதான். திருவிழாவில் புனிதரின் சிலையைச் சுமக்கும் தம்பி எர்னால்தோவும் அவன் கூட்டாளிகளும் அவளையும் அப்படியே தோளில் சுமந்து படியிறக்குவார்கள். புனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள்; இவளுக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கும். இருவருமே களைப்பின்றி வந்துசேர்வார்கள்.

இம்முறை காபி குடிக்க வாசலுக்கு வந்த புது டாக்டர், ஒரு சின்னப் பெண், இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டாள். என்ன இது என்று கேட்டாள்.

"அக்கா காலு தரையில படவிடமாட்டோம், டாக்டரம்மா," என்றான் எர்னால்தோ, பெருமையாக.

"அதான் வினை. வாசல் குறுகலா இருந்தாலும், போறதே ரெண்டு பேருன்னா நெரிசல் எப்படித் தெரியும்? உக்காந்தே இருக்கறதால இவங்க ரத்தமும் அப்படித்தான் மெல்லப் போகுது, அழுத்தமும் கம்மியாவே காட்டுது."

உள்ளே கூட்டிப்போய், ஸ்கேன் படுக்கையில் சாய்ந்தபடி சைக்கிள் மிதிக்கச் சொன்னாள். எர்னால்தோ மறித்தான், அக்கா செத்துப்போவாள் என்று.

"மேல வீட்டுல உக்காந்து அதைத்தானடா பண்ணிக்கிட்டிருக்கேன். தள்ளு," என்றாள் வால்தெலிசி.

மிதித்தாள். திரையில் அழுத்தம் ஏறியது. அவளுக்கு மூச்சு திணறியது. டாக்டர் நிறுத்திவிட்டு, நோய் கடுமைதான், பலூன் போட வேண்டும் என்றாள். பரிசு விழுந்தவள்போல் சிரித்தாள் வால்தெலிசி. எப்போது என்று கேட்டாள். படுக்கை காலியானால் கூப்பிடுவார்கள். அதுவரை படி ஏறக்கூடாது.

வெளியே நாற்காலி தயாராக நின்றது.

திரும்புகையில் கடை முன்னால் இறக்கச் சொன்னாள். சட்டியை எட்டிப் பார்த்து, "எண்ணெய் காயலடி," என்றாள். தம்பி மனைவி அடுப்பைத் தூண்டிவிட்டாள்.

எண்ணெய் காய்வதற்குள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள்.