விளக்கடியில் விரிந்த டியூலிப்

"வாசமில்லாத பூ. சாமிக்கும் வைக்கேலாது, தலையிலயும் வைக்கேலாது. உதுக்கேன் பிள்ளை இந்தக் குளிருக்க மண்ணைக் கிண்டுறாய்?"

போன வருடம் இலை கொட்டும் காலத்தில், லண்டன் லூயிஷாமில் எங்கள் ஃபிளாட்டின் முன்னால் நான் டியூலிப் கிழங்குகள் நட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டது இது.

நான் ஹாலந்தில் பிறந்தவள். சிறு வயதில் லண்டனுக்கு வந்தபோது விட்டுவர மனமில்லாமல் அழுதது டியூலிப்புக்காகத்தான். வசந்தம் வந்தால் இன்றும் ஒரு கொத்து வாங்கி, பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவேன். அந்த முறை நானே நட்டுக் கொடுக்க நினைத்தது கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கு. எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அவருக்கும் பங்குண்டு. வீட்டுச் சந்தடி தாங்காமல், பரீட்சைகளுக்கு நான் படித்தது அவருடைய சமையலறை மேசையில்தான்.

குளிர்காலம் முடிந்ததும் அவருக்கு இருதய ஆபரேஷன். "நான் போவதற்கு முன் பூத்துவிடுமா?" என்று கேட்டார். சீக்கிரம் பூக்கும் இனமாகப் பார்த்து வாங்கியிருந்ததால், கட்டாயம் பூக்கும் என்று மிடுக்காக வாக்குக் கொடுத்தேன்.

குளிர் விடவில்லை. மொட்டுகள் சிவப்புக் காட்டியும் வாய் திறக்கவில்லை. அவர் தினமும் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்று பார்ப்பார். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

ஆபரேஷனுக்குப் போகும் நாள் காலையில் இறங்கிப் பார்த்தேன். தண்டுகள்தான் நின்றன. ஒரு மொட்டுக்கூட இல்லை.

மேலே ஓடினேன். அம்மா குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்தின் முன் நின்றார்.

"அம்மா! அவவுக்குக் காட்டத்தானே வச்சனான்!"

"அவவுக்காகத்தான் மொட்டை ஆய்ஞ்சனான். பேர் சொல்லிக் கும்பிட்டனான்."

"வாசமில்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"சாமிக்கு மூக்கு மட்டுமோ இருக்கு? கண்ணும் இருக்குத்தானே. கத்தாமல் இஞ்ச வந்து பார்."

பார்த்தேன். ஹீட்டர் சூட்டிலும் விளக்குச் சூட்டிலும் அத்தனை மொட்டுகளும் தட்டு நிறைய விரிந்து கிடந்தன. சூடு பட்டால் டியூலிப் விரியும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். பறிக்கத்தான் எனக்கு மனம் வந்திருக்காது.

கீழே டாக்சி வந்துவிட்டது. அம்மா வீட்டுச் செருப்போடு தட்டை ஏந்திக்கொண்டு இறங்கினார். "காட் ஃபிளவர்," என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அந்த அம்மா பூக்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசி, கம்பளித் தொப்பியை விலக்கி, காதோரம் ஒரு பூவைச் செருகிவிட்டார். டாக்சி தெருமுனையில் திரும்பும்வரை அந்தச் சிவப்புத் தெரிந்தது.

அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். பூக்கும்வரை காத்திருந்து கொடுக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது யாருக்கு எதைக் கொடுக்கும்போதும் அம்மாவின் அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிழங்கு நட்டேன். ஜன்னலடியில் பார்ப்பதற்கு ஒரு வரிசை, வாசலோரம் அம்மா ஆய்வதற்கு ஒரு வரிசை. இரண்டாவது வரிசைக்கு மண் மூடி அமர்த்தியவர் கீழ்வீட்டு அம்மா.