நடுத்திட்டில் குந்திய மதியம்

கும்மிடிப்பூண்டியில் ஹைரோட்டை ஒரே ஓட்டத்தில் தாண்டுகிறவர் யாரும் கிடையாது. பாதி தாண்டி, நடுத்திட்டு அரளிச் செடிக்குள் நின்று மூச்சு வாங்கி, அப்புறம் மீதிப் பாதி. தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்கு முதலில் கைவருகிற வித்தை இதுதான்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும், விபத்து ஏன் நடக்கிறது என்று அரசாங்கம் ஆராய்கிறது என்று சொல்லி, மஞ்சள் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிலர் டீக்கடையோரம் கம்பம் நட்டுக் கேமரா வைத்தார்கள். அதில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "ஏங்க்கா சப்வேல போவ மாட்டேன்றீங்க?" என்று கேட்டாள்.

"முட்டி ஆழம் தண்ணி நிக்குது. நீ ஒருவாட்டி போய்ட்டு வா, அப்பால சொல்றேன்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம், காலையில் வேலைக்குப் போகும்போது இல்லாத இரும்பு வேலி மதியம் திரும்பும்போது முளைத்திருந்தது. வேலி போட்டால் ஜனங்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று பார்க்கச் சோதனையாம். அதுவும் நடுத்திட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும்; கம்பெனிப் பக்கம் மறுநாள் போடுவார்களாம். செடி மறைத்ததில் எனக்குத் தெரியவேயில்லை. வழக்கம்போல் பாதி ஓடி, செடியை விலக்கினால் தலைக்கு மேலே கம்பி.

திரும்பினேன். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் வந்துகொண்டிருந்தன. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அதேதான். அடப் பாவிகளா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டால் என்ன குறைந்துவிடும்!

எதிரே டீக்கடை வாசலில் என் மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆட்டோ அங்கேதான் இறக்கிவிடும். நான் வந்துதான் கூட்டிப்போக வேண்டும். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் வராததைக் கண்டு ரோட்டோரம் வந்தாள்.

"வராதடி! அங்கியே நில்லு!"

லாரிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஒரு காலைத் தாரில் எடுத்து வைத்தாள்.

என்ன தோன்றியதோ, கம்பியோரம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சோற்றுக்கு உட்காருகிற மாதிரி, சம்மணம் போட்டு. என்னையே பார்த்தாள். காலைப் பின்னுக்கு எடுத்தாள். புத்தகப் பையை இறக்கி, அதன்மேல் அவளும் உட்கார்ந்தாள்.

கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள் கோட்டுப் பெண் அப்போதுதான் எங்களைக் கவனித்தாள். ஓடிவந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

லாரிகள் ஓய்ந்ததும் வந்த வழியே திரும்பி, செருப்பைக் கையில் பிடித்துச் சப்வே தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். "சாரிக்கா" என்றாள் அந்தப் பெண். நான் மகளை இழுத்து அணைத்தேன்.

"இன்னாம்மா, ஊட்டுக்கு வராம அங்க குந்திகினே?"

"நீ வந்துடப் போறியேன்னுதான்டி."

"நீ நின்னுகினே இருந்தியா, நானே வந்துர்லாம்னுதான் கால வெச்சேன். நீ குந்திகினியே, சரி, லேட்டாவும்போலன்னு நானும் குந்திகினேன்" என்றாள்.