சம்பந்தி எழுதிய நாலு வரி

கையில் ஒன்றுமில்லாமல் இராஜபாளையத்தில் வந்து இறங்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு – அதுவும் முழுசாக இல்லை. வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு பழைய பவர்லூம் போட்டு பேண்டேஜ் துணி நெய்தேன். தெருவே சிரித்தது. இன்றைக்கு ஷெட் சொந்தம். வீடு மாடி. 'பாறை, தண்ணி வராது' என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். கரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் கொண்டுவந்ததும் நான்தான்.

இதையெல்லாம் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் முன்பே படித்திருப்பீர்கள். பரவாயில்லை, இன்னொரு தடவை படித்தால் தேய்ந்து போய்விடாது.

ஆனால் ஒரு கவிதையிலும் எனக்குப் பங்கு உண்டு என்று இதுவரை சொன்னதில்லை. போன வாரம் ஒருவர் சொல்ல வைத்துவிட்டார்.

வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாங்கில் வேலை பார்ப்பவர். மனைவியை இழந்தவர். பேச்சோடு பேச்சாக சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

"படிச்சுப் பாருங்க அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்தியார் ஒருத்தர் எழுதினது. என் மனசுல கிடக்கிறதை அப்படியே எழுதிட்டாரு."

"வாத்தியார் மட்டுமா எழுதினாரு?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

உங்களுக்காவது விவரமாகச் சொல்கிறேன்.

அந்த வாத்தியார் என் சம்பந்தி. அவர் மகளைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான். தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்துப்பா, சாவு என்றால் இரங்கற்பா. அச்சடித்து, கூட்டத்தில் நின்று வாசித்து, ஆளுக்கொன்று கொடுப்பார்கள். முக்கால்வாசி அவர் எழுதியதாகத்தான் இருக்கும். என் மனைவி போனபோதும் அவர்தான் பாடினார். தெருவே அழுதது.

அவர் பாட்டு எழுதுகிற விதமே தனி. முற்றத்தில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வார். அவர் மனைவி செல்லம்மா – எனக்குத் தங்கச்சி முறை – அடுக்களை வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்கும். ஒரு இடம் வந்ததும் சுளகில் டப்பென்று ஒரு தட்டு!

"போதும். எழவு வீட்டுல சனம் நின்னுக்கிட்டுல்ல கேக்கும்? கால் வலிக்காதா?"

பாட்டு அங்கேயே முடிந்துவிடும். மறுபேச்சு கிடையாது.

அந்தத் தங்கச்சியும் போய்ச் சேர்ந்தது.

முதல் வருஷ நினைவு நாள் நெருங்கியபோது ஒருநாள் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. அப்பா யார்கூடவும் பேச மாட்டேங்காக. அம்மாவுக்குக் கவிதை எழுதுறேன்னு எழுதிக்கிட்டே இருக்காக. அது முடியவே மாட்டேங்குது. சாப்பாடு தண்ணி ஒழுங்கா இல்லாம ஆளு பாதியாப் போயிட்டாக."

பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், வீடெல்லாம் காகிதம். பிரஸ்காரரும் கையை விரித்துவிட்டாராம் – 'கார்டுல அடங்காதுய்யா, புஸ்தகமாத்தான் போடணும்.'

"வாசிங்க சம்பந்தி, கேப்போம்" என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "குணக்குன்றே! மாதர்குல மாணிக்கமே…"

"செத்த நிறுத்துங்க. இந்த மாணிக்கம் எங்க வீட்டு மாணிக்கம்லா? என் வீட்டுக்காரிக்குப் பாடினதுதானே இது?"

அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். "இல்லறத்தின் இருவிழியே…"

"இது மளிகைக் கடைக்காரர் சம்சாரத்துக்கு. நான்தான் முன் வரிசையில நின்னேனே!"

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். முகத்தைப் பார்த்தேன். கேலி பண்ணியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"இருந்த நல்ல வார்த்தையெல்லாம் அடுத்தவுக சம்சாரத்துக்குக் கொடுத்துட்டேன் சம்பந்தி" என்றார். "செல்லத்துக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வைக்கல. புதுசா ஒண்ணாவது அகப்படுமான்னுதான் எழுதிக்கிட்டே இருக்கேன். போதும்னு சொல்லவும் ஆளில்ல…"

மனைவி போனபின் எனக்காவது தறி இருந்தது. அது ஓடுகிறவரை வீட்டில் பேச்சில்லாதது தெரியாது. கரண்டு போனால்தான் தெரியும். சட்டென்று எல்லாத் தறியும் நின்றுபோகும் பாருங்கள்… அப்போது வீட்டுக்குள் இருக்கவே முடியாது, வெளியே வந்து நின்றுகொள்வேன். அவருக்குத் தறியும் இல்லை. நாள் முழுக்கக் கரண்டு போன வீடு.

"முதல்ல சோத்தைப் போடுங்க" என்றேன்.

அவரே ஆக்கியது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்தேன்… சாத்தூர் தாண்டி, தூத்துக்குடிக் கடலே நாக்குக்கு வந்துவிட்டது!

சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது என்பது ஊர் வழக்கம். உப்பில்லாவிட்டாலும் 'பிரமாதம்' என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆனால் நான் எந்த வழக்கத்தைப் பார்த்து முன்னுக்கு வந்தேன்?

"என்ன சம்பந்தி, உப்பு எம்புட்டு போட்டீரு? வாயில வைக்க முடியல!"

மனுஷனுக்கு வந்ததே கோபம்! இலையை விட்டு எழுந்தேவிட்டார்.

"தெரியும்யா! இன்னைக்கு மட்டுமா கூடுது? தினமுந்தான் கூடுது. யார்கிட்டப் போய்க் கோவிச்சுக்கிட? போட்டவனும் நானு, திங்கறவனும் நானு!"

அடுக்களைச் சுவரில் அந்தச் சுளகு மாட்டியிருந்தது. இடது கையால் எட்டி எடுத்தேன். டப்பென்று ஒரு தட்டுத் தட்டினேன்.

"போதும்!"

"என்ன போதும்?"

"பாட்டு முடிஞ்சிருச்சு. இப்பச் சொன்னீரே, அதான் பாட்டு. இதுல எந்த வார்த்தையாவது ஊரான் பொண்டாட்டிக்குக் கொடுத்ததா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சுளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கீழ வையும்யா. அது அவ சுளகு" என்றார். அவ்வளவுதான் – சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். ஊர்ச் சாவுக்கெல்லாம் நின்று பாடியவர், சொந்த வீட்டுச் சாவுக்கு அன்றைக்குத்தான் அழுதார்.

கார்டில் அச்சானது இவ்வளவுதான்:

இன்றைக்கும் குழம்பில் உப்பு அதிகம், செல்லம்மா.
யாரிடம் கோபித்துக்கொள்ள?
போட்டவனும் நான்.
சாப்பிடுகிறவனும் நான்.

நினைவு நாளன்று வாசித்தபோது நின்றவர்கள் யாருக்கும் கால் வலிக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகும் யாரும் நகரவில்லை. மளிகைக் கடைக்காரர் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மனைவி போய்விட்டால் அவளைப் புகழ ஊரே திரண்டு வருகிறது. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே… அதற்கு எங்கே போவது?

அன்றைக்கே அவரை என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். மகளும் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. சரி என்று, தறிக்கு வார லீவு விட்டதும் நானே பஸ் ஏறிவிடுகிறேன். இன்றுவரை அப்படித்தான். சாப்பிடுவேன். குறை சொல்வேன். அவர் கத்துவார்.

போன தடவையும் ரசத்துக்காகச் சண்டை.

"ருசியா வேணும்னா உம்ம மருமக கையால திங்க வேண்டியதுதானே! இங்க எதுக்கு வாரீரு?"

"அங்க யாருய்யா என்னைத் திட்டுறா?" என்றேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

ஆகவே பொதுமக்களுக்கும் பிரஸ்காரருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். உப்பு கூடியது என்று சொன்னவன் நான். போதும் என்று தட்டியவனும் நான். அதுகூடப் போகட்டும், 'யாரிடம் கோபித்துக்கொள்ள?' என்ற வரி இப்போது சுத்தப் பொய். மறுபடி அச்சடித்தால் அந்தக் கேள்விக்கு நேரே என் பெயரைப் போட்டாக வேண்டும்.

கொட்டை எழுத்தில்!